ஆவுடையம்மாள் பின்னால் போன குளம்

வடமலைசமுத்திரத்து ஆவுடையம்மாள் அணைக்கட்டுத் தூண்டில் போட்டிக்கு இரண்டாம் தடவையாகக் கிளம்பிப் போன ஞாயிற்றுக்கிழமைதான் ஆனைமுங்கிக் குளம் முதன்முதலாகக் கரையை விட்டு எழுந்து அவள் பின்னால் போனது. விடிந்து பால்காரர்கள் ஒரு சுற்று முடித்திருந்த நேரம். அவள் கணவன் சிவனுப்பாண்டி ஓட்டிய மினிபஸ் ரயில்வே கேட்டில் நின்றபோது, பக்கக் கண்ணாடியைப் பார்த்தவன் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ஏட்டி, பின்னால நம்ம குளம்லா வருது" என்றான்.

ஆவுடையம்மாள் எட்டிப் பார்த்தாள். தார்ரோட்டின் அகலத்துக்குத் தன்னை ஒடுக்கிக்கொண்டு, அல்லி இலைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ள, கழுத்தளவு நீரில் அசைபோட்டபடி கிடந்த இரண்டு எருமைகளையும் சுமந்துகொண்டு, தலைக்கு மேலே நீர்க்காகங்கள் குடை பிடித்தாற்போல் பறந்து வர, குளம் வந்துகொண்டிருந்தது. கேட் மூடியிருந்ததால் அதுவும் நின்றது.

"எருமை யாருது?" என்று கேட்டாள்.

"கோயில்பிள்ளை வீட்டு எருமை மாதிரி தெரியுது" என்றான் பின் சீட்டிலிருந்த சாமிக்கனி. அவன் சைக்கிள் கடைக்காரன், வடமலைசமுத்திரம் தூண்டில் சங்கத்தின் செயலாளர். "பால் கறந்தாச்சான்னு தெரியலையே" என்று கவலைப்பட்டான்.

ரயில் போனது. கேட் திறந்தது. பஸ் கிளம்பியது, குளமும் கிளம்பியது.

குளம் ஏன் கிளம்பியது என்று கேட்டால் அந்த ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நடந்தது இவ்வளவுதான். ஆவுடையம்மாளுக்குத் தையல் தொழில். பள்ளிக்கூடத்துச் சீருடை முழுக்க அவள் மெஷினில்தான் உருவாகும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெஷினுக்கு உறை போட்டுவிட்டுக் குளத்தங்கரைக்குப் போய்விடுவாள். சங்கத்துக்காரர்கள் சீட்டுக் குலுக்கி இடம் பிரித்துக்கொண்டு, விசில் அடித்தால் தூண்டில் போட்டு, மறு விசில் அடிக்கும்வரை பிடித்த மீனையெல்லாம் தண்ணீருக்குள் கட்டிய வலைப்பையில் உயிரோடு வைத்திருந்து, கடைசியில் தராசில் நிறுத்துவிட்டுத் திரும்பக் குளத்திலேயே விட்டுவிடுவார்கள். யார் பையில் எடை கூடவோ அவருக்கு ஒரு எவர்சில்வர் வாளி. அந்த வாளி வேறு யார் வீட்டுக்கும் போனதில்லை. எந்தக் கல்லுக்கு அடியில் எந்தக் கெண்டை மத்தியானத் தூக்கம் போடும், எந்த விரால் மழைக்கு முந்தின நாள் கோபமாக இருக்கும் என்பதெல்லாம் அவளுக்குப் பக்கத்து வீட்டுச் சங்கதி போலத் தெரியும். பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரில் குளித்து, அந்தத் தண்ணீரைக் குடித்து, அந்தத் தண்ணீரிடமே பேசி வளர்ந்தவள்.

வாளிகள் பெருகிப் பெருகி வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் போனபோது சாமிக்கனிதான், "மைனி, நம்ம குளத்துல ஜெயிக்கது வீட்டுக்குள்ள ஜெயிக்க மாதிரி. அணைக்கட்டுல தென்மாவட்டத்துக்கே போட்டி நடக்காம். போயிப் பாருங்களேன்" என்று ஏற்றிவிட்டான். போனாள். அங்கே மடக்கு நாற்காலியும் இறகு போல லேசான கம்புமாக உட்கார்ந்திருந்தவர்கள் விரல் நீளப் பொடிமீன்களை வரிசையாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சிரித்தாள். கொண்டுபோன தவிட்டையும் பிண்ணாக்கையும் ஊரில் செய்கிற மாதிரி ஒரே வீச்சாகக் கொட்டிவிட்டு, பெரிய மீன் வரட்டும் என்று காத்திருந்தாள். பெரிய மீன் தின்றுவிட்டுப் போய்விட்டது. எடை போட்டபோது அவளுக்குக் கீழே யாருமில்லை. திரும்பி வந்தவள் வீட்டுக்குக்கூடப் போகாமல் ஆனைமுங்கிக் குளத்தில் காலை நனைத்து உட்கார்ந்து, "அங்க என்னை ஒரு மீனுக்கும் தெரியலை" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். குளம் கேட்டுக்கொண்டது. அதற்கப்புறம்தான் இது.

இரண்டாம் தடவை அணைக்கட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும், சீட்டில் அவளுக்கு விழுந்த இடத்துக்கு முன்னால் பாய்மேல் பாய் விரித்தது போல அணைத் தண்ணீரின் மேல் குளம் படுத்துக்கொண்டது. அணைத் தண்ணீர் நீலம், குளத்துத் தண்ணீர் பச்சை. ரெண்டுக்கும் நடுவில் புடவையில் பார்டர் ஓடுவதுபோல ஒரு கோடு. போட்டி நடத்துகிறவர்கள் வந்து பார்த்தார்கள். வெளியிலிருந்து மீன் கொண்டுவரக் கூடாதென்று விதி இருந்தது. வெளியிலிருந்து குளம் வரக் கூடாதென்று விதி இல்லை. எருமைகளை மட்டும் கரையேற்றச் சொன்னார்கள். ஆவுடையம்மாள் தூண்டிலைப் போட்டாள். அவளுக்குத் தெரிந்த கெண்டைகள், அவளைத் தெரிந்த கெண்டைகள், கல்யாண வீட்டுப் பந்திக்கு வருகிறவர்களைப் போல ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன. பெரிய கோப்பையோடு ஊர் திரும்பினாள்.

ஊரில் அன்று காலை துணி வெளுக்கப் போனவர்கள் மூட்டையோடு சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் எல்லோருக்கும் கோபம்தான். ஆனால் சாயந்தரம் குளம் கரைமேல் ஏறி இறங்கித் தன் இடத்தில் அப்பாடா என்று படுத்ததையும், அதன் முகத்தில் ஊர் சுற்றி வந்த களை தெரிந்ததையும் பார்த்தபோது, "சரி, அதுவும் எத்தனை வருசமா ஒரே இடத்துல கெடக்கு" என்று மனசு இளகிவிட்டார்கள். அடுத்தடுத்த போட்டிகளுக்கு ஊரே தயாராகிவிட்டது. சனிக்கிழமையே துணி வெளுத்தார்கள், எருமைகளைக் கிணற்றடியில் கட்டினார்கள், குளம் இல்லாத தரையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள், தன் கல்யாணத்தன்று தொலைத்த மூக்குத்தியைக் கோயில்பிள்ளையின் பெண்டாட்டி அந்தச் சேற்றில்தான் கண்டெடுத்தாள். வெளியூர்க்காரன் யாராவது "இங்க குளம் இருந்துச்சே?" என்று கேட்டால், "ஆவுடைகூடப் போயிருக்கு, சாயந்தரம் வந்துரும்" என்று பதில் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

கோப்பைகள் வந்தன. ஆனால் ஒவ்வொரு தடவையும் குளம் போன வழியெல்லாம் கொஞ்சம் சிந்திவிட்டு வந்தது. ரோட்டோரக் கிணறுகள் நிறைந்தன, மேட்டுப்பட்டிக்காரர்கள் பருவமில்லாத பருவத்தில் கீரை போட்டார்கள், வடமலைசமுத்திரத்து மடையில் தண்ணீர் ஒரு படி இறங்கியது, பிறகு இன்னொரு படி. அதை முதலில் கவனித்தவள் ஆவுடையம்மாள்தான். கவனித்தும் சொல்லவில்லை. மூன்றாவது கோப்பை வாங்கிய அன்று, இரண்டாவதாக வந்த நாகர்கோவில் பெண் ரோஸ்லின் கைகொடுக்க வந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் கைகால் பயிற்சி கொடுக்கிறவள், சின்ன வயசு, அந்தப் பக்கத்துப் போட்டிகளில் அவளைத் தாண்டி யாரும் போனதில்லை, குளம் வரும்வரைக்கும்.

"அக்கா, ஒங்க குளத்துல ஒரு நாளு உக்காரணும்னு எனக்கு ஆசையாட்டு இருக்கு" என்றாள் ரோஸ்லின். குரலில் குத்தல் எதுவுமில்லை. "ஆனா பாருங்க, ஜெயிச்ச ஒரு நாளும் நீங்க எங்க தண்ணியில உக்காரவே இல்லியே."

அந்த வார்த்தை ஆவுடையம்மாளின் தொண்டையில் மீன்முள் போல நின்றுவிட்டது. சோற்றை உருட்டி விழுங்கியும் இறங்கவில்லை, வாழைப்பழம் தின்றும் இறங்கவில்லை.

மாநிலப் போட்டி அறிவித்தபோது வயலில் அப்போதுதான் நாற்று நட்டிருந்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் இன்பமணியம்மா ஊரைக் கூட்டினாள். "ஆவுடை, நீ ஜெயிக்கது எங்க எல்லாருக்கும் பெருமைதான். ஆனா பயிரு பால் பிடிக்கிற நேரத்துலதான் போட்டி வருது. குளம் இன்னும் ஒருதரம் வெளியூரு போயிட்டு வந்துச்சுன்னா, அப்புறம் கஞ்சிக்கு நாமதான் வெளியூரு போகணும்."

"சங்கிலி போட்டுக் கட்டிருவோம்" என்றான் ஒருவன்.

"தண்ணிய எங்கன பிடிச்சுவே கட்டுவீரு?" என்றான் சாமிக்கனி.

"நான் போட்டிக்குப் போகலை" என்றாள் ஆவுடையம்மாள். சொல்லும்போதே அவளுக்கு ஒரு பக்கம் நிம்மதியாகவும் இருந்தது, அந்த நிம்மதியை நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது. குளம் வராமல் போனால் தான் யார் என்று அவளுக்குத் தெரியும்: எல்லோருக்கும் கீழே வந்தவள்.

கூட்டத்தில் வாயே திறக்காத சிவனுப்பாண்டி எழுந்து நின்றான். "அவ போவா. குளந்தான் போகாது. அதுக்கு வழி என்னன்னு பேசுங்க" என்று சொல்லிவிட்டு, அவ்வளவு பேசியதே அதிகம் என்பதுபோல உட்கார்ந்துகொண்டான்.

மறுநாள் மத்தியானம், கரையில் ஆளில்லாத நேரத்தில், ஆவுடையம்மாள் இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றாள். தண்ணீரைக் கையால் அளைந்தாள்.

"நீ வந்ததுனாலதான் ஜெயிச்சேன். இல்லைன்னு சொல்லலை" என்றாள். "ஆனா ஜெயிச்சது நான்தானான்னு எனக்கே தெரியலையே. எனக்குத் தெரியாத தண்ணியில, என்னைத் தெரியாத மீனு ஒண்ணையாவது நானாப் பிடிக்கணும். அதுல தோத்தா தோத்துட்டுப் போறேன். நீ இங்கன இருக்கணும். வயலுக்குப் போகணும். எனக்குப் பின்னால வரப்பிடாது. கேட்டியா?"

அவள் இடுப்பைச் சுற்றித் தண்ணீர் ஒருமுறை இறுகிப் பிடித்தது. பிறகு விட்டது. ஆனால் அது சம்மதம் இல்லை என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தெரிந்தது.

அன்று அவள் பக்கத்து ஊர்க் கண்மாயில் நடந்த சின்னப் போட்டிக்குக் கிளம்பினாள். ரயில்வே கேட்வரை குளம் வந்துவிட்டது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, ரோட்டின் நடுவில் நின்று, "போ" என்றாள். அது நின்றது. "போன்னா போ!" கோயில்பிள்ளையின் வாழைத்தோட்டத்தைக் கோபத்தில் ஒரு அடி அடித்துவிட்டுத் திரும்பிப் போனது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவள் கண்மாய் வரும்வரை முந்தானையால் முகத்தை மூடி அழுதாள். அடுத்த தடவை அது பெட்ரோல் பங்க் வரைக்கும்தான் வந்தது. அதற்கடுத்த தடவை கரைமேல் எக்கி நின்று, பஸ் மறையும்வரை பார்த்துவிட்டுப் படுத்தது. பால்குடி மறக்க வைக்கிற தாய்க்கும் பிள்ளைக்கும் நடக்கிற பாடு எல்லாம் அவளுக்கும் குளத்துக்கும் நடந்தது. யார் பிள்ளை, யார் தாய் என்பது மட்டும் நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்தது.

தெரியாத தண்ணீரில் அவள் தோற்றாள். தோற்று, இன்னொரு தெரியாத தண்ணீருக்குப் போனாள். ஒரு கண்மாயில் ரோஸ்லின் பக்கத்து இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்று முழுக்க ஆவுடையம்மாள் தண்ணீரில் மிதக்கும் தன் தூண்டில் தக்கையைப் பார்த்ததைவிட ரோஸ்லினின் கையைப் பார்த்ததே அதிகம். அந்தக் கை இரையை ஒருபோதும் கொட்டவில்லை. தாளிக்கக் கடுகு எடுப்பதுபோல ஒரு சிட்டிகை, கொஞ்சம் பொறுத்து இன்னொரு சிட்டிகை, மீன் கடித்தாலும் போட்டது, கடிக்காவிட்டாலும் போட்டது. வராத பெரியதற்காக அது காத்திருக்கவில்லை. வந்த சின்னதை எடுத்தது, எடுத்த சூட்டில் அடுத்ததற்குப் போனது. கடி நின்றால் தக்கையை மேலே ஏற்றித் தூண்டில் முள்ளை ஆழத்துக்கு அனுப்பியது, இல்லையென்றால் கரையோரத்துக்கு வந்தது.

"பாத்து எழுதுறீங்களாக்கா?" என்று சிரித்தாள் ரோஸ்லின்.

"பாக்கத்தான் செய்யுதேன். ஒளிச்சு வச்சுக்கோ" என்றாள் ஆவுடையம்மாள்.

"எதுக்கு ஒளிக்கணும்? கை என்னுது, தண்ணி பொதுதானே."

ஆவுடையம்மாள் வீட்டில் மெஷின் மிதிக்கும்போது இடது கையால் சிட்டிகை போட்டுப் பழகினாள். பொடிமீன்களைக் கழற்றும் வேகம் பொத்தான் தைக்கும் வேகத்துக்கு வந்தது. கடைசியில் வந்தவள் கடைசிக்கு முந்தி வந்தாள். அப்புறம் நடுவில் வந்தாள். நடுவில் வந்த அன்று சிவனுப்பாண்டிக்குக் கறிக்குழம்பு வைத்தாள். கோப்பை வாங்கிய நாள் எதிலும் அவன் வீட்டில் கறி எடுத்ததில்லை.

மாநிலப் போட்டிக்கு அவர்கள் முந்தின நாளே கிளம்ப வேண்டியிருந்தது, அத்தனை தொலைவு. அவள் இல்லாத நேரம் குளம் ஏங்கிவிடக் கூடாதென்று ஊர் முறை போட்டுக்கொண்டது. கோயில் நாகசுரக்காரர் படித்துறையில் உட்கார்ந்து தனக்குத் தெரிந்ததெல்லாம் வாசித்தார். எருமைகள் எல்லாவற்றையும் ஓட்டி வந்து இறக்கினார்கள். தூண்டில் சங்கத்துக்காரர்கள் முறைவைத்துத் தூண்டில் போட்டார்கள், ஒன்றும் கடிக்கவில்லை என்றாலும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்பமணியம்மா பஞ்சாயத்து ஆபீஸ் நாற்காலியையே கரைக்குக் கொண்டுவந்து போட்டுக் குளத்துக்கு ஊர் நியாயமெல்லாம் சொன்னாள்.

மாநிலப் போட்டியில் ஆவுடையம்மாளுக்குச் சீட்டில் விழுந்தது மதகோரத்து மூலை. சுற்றிலும் சிமெண்ட், கையகல நிழல் இல்லை, ஒரு பாசி இல்லை. பக்கத்து இடத்துக்காரர் பார்த்து உச்சுக் கொட்டினார். முன்னால் ஒரு ஏரி, அதில் அவளைத் தெரிந்த ஒரு உயிர்கூடக் கிடையாது. பழக்கத்தில் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தாள். ரோடு காய்ந்து கிடந்தது. விசில் அடித்தார்கள்.

ஒரு சிட்டிகை போட்டாள். ஒன்றுமில்லை. இன்னொரு சிட்டிகை. ஒன்றுமில்லை. தக்கையை ஏற்றினாள், இறக்கினாள். சிமெண்டுச் சுவரும் தண்ணீரும் சேருகிற இடத்தில், மதகின் கசிவு இழுக்கிற மெல்லிய ஓட்டத்தில் முள்ளை விட்டபோது தக்கை கொட்டாவி விடுவதுபோல ஒருமுறை அசைந்து உள்ளே போனது. விரல் நீளத்தில் ஒரு மீன். பேர் தெரியாத மீன். பையில் போட்டாள். சிட்டிகை. அடுத்தது. சிட்டிகை. அடுத்தது.

உச்சி வெயிலில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற சிவனுப்பாண்டி போனைக் காதில் வைத்தபடி கையாட்டுவது தெரிந்தது. போட்டிக்காரரிடம் பேசக் கூடாது என்பதால் அவன் இரண்டு உள்ளங்கைகளையும் இடுப்புக்கு நேரே வைத்து, மெல்லத் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினான். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஊரில் குளம் எழுந்து நிற்கிறது.

கையில் பிடித்த சிட்டிகை கையிலேயே இருந்தது. வந்தால் முதல் பரிசு. வந்தால், அத்தனை தூரத்தையும் சிந்திக்கொண்டே வந்தால், வந்து சேர்வது ஒரு செம்புத் தண்ணீராக இருக்கும், வயல் பதராகிவிடும். எழுந்து ஓடலாம். ஓடி எங்கே போய் மறிப்பது? இத்தனை மாதமும் ஒவ்வொரு போட்டியிலும் ஒருமுறையாவது அது வந்திருக்காதா என்று ரகசியமாகத் திரும்பிப் பார்த்தவள், அப்போதுதான் முதன்முதலாக மனசு முழுக்க, 'வராதே தாயி, வராதே' என்று வேண்டிக்கொண்டாள். அங்கே ஊர் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும். இங்கே தக்கை இருக்கிறது. சிட்டிகையைப் போட்டாள். அதன்பின் தலையைத் திருப்பவில்லை. மீன், சிட்டிகை, மீன், சிட்டிகை என்று கை தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது, வியர்வை கண்ணில் இறங்கியது, முதுகுக்குப் பின்னால் ஈரக்காற்று அடிக்கிறதா என்று மட்டும் தோல் கேட்டுக்கொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்துச் சீட்டியடிக்கிற சத்தம். சிவனுப்பாண்டி தலைக்கு மேலிருந்த கைகளை மெல்ல, தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல, கீழே இறக்கிக் காட்டினான்.

ஊரில் நடந்ததைச் சாமிக்கனி பின்னால் சொன்னான். நாகசுரக்காரர் மூச்சு வாங்க நிறுத்திய கணத்தில் குளம் விருட்டென்று எழுந்து கரைக்கு மேலே பனை உயரம் நின்றதாம். இன்பமணியம்மா சேலையை வரிந்துகொண்டு, "எல்லாரும் உள்ள எறங்குங்க!" என்று கத்தினாளாம். அவள் முதலில் குதித்தாள். அவள் பின்னால் ஊரே குதித்தது. சீருடையோடு பிள்ளைகள், சைக்கிள் கடை மசியோடு சாமிக்கனி, வெள்ளை வேட்டியோடு வாத்தியார்கள், இத்தனை வருசமும் தண்ணீரைக் கண்டாலே தள்ளி நின்றவர்கள்கூட. அத்தனை பேரையும் தூக்கிக்கொண்டு குளம் நடந்திருக்கும்தான். ஆனால் அவர்களில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது. அது குளத்துக்குத் தெரியும். கொஞ்ச நேரம் யோசித்து நின்றுவிட்டு, ஒருத்தர் மூக்கிலும் தண்ணீர் ஏறாமல், பதனமாக, அங்குலம் அங்குலமாகக் கீழே இறங்கிப் படுத்துக்கொண்டது. படுத்த சூட்டிலேயே மடைவழியாக ஒரு பெருமூச்சு விட்டதாம். கடைசி வயல்வரைக்கும் தண்ணீர் எட்டிவிட்டதாம்.

மறு விசில் அடித்தபோது ஆவுடையம்மாள் கம்பைக் கீழே வைத்தாள். பையைத் தூக்கித் தராசில் வைத்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஐந்தாவது இடம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ரோஸ்லின்தான் முதலாவது. கோப்பையை யார் கையிலோ கொடுத்துவிட்டு ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"அக்கா, அந்த மூலையில நான் உக்காந்திருந்தா பத்துக்குள்ளகூட வந்திருக்க மாட்டேன்."

"ஐஞ்சு" என்றாள் ஆவுடையம்மாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள், பேறுகாலம் முடிந்தவள் பிள்ளையின் விரலை எண்ணுவதுபோல. "ஏங்க, ஐஞ்சாவது!"

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றான் சிவனுப்பாண்டி. அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அவள் படியில் இறங்கி, பையை ஏரியில் முக்கி, வாயைத் திறந்துவிட்டாள். பேர் தெரியாத அந்தப் பொடிமீன்கள் கூட்டமாக ஒருமுறை மினுங்கிவிட்டுப் போயின. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ரோஸ்லின் வார்த்தை நின்றிருந்த இடத்தில் தொண்டையைத் தடவிப் பார்த்தாள். எச்சில் தடையில்லாமல் இறங்கியது.

விடிய விடியப் பஸ் ஓட்டி, வெயில் ஏறும் நேரம் ஊருக்குள் நுழைந்தபோது தெருவில் ஆளரவமே இல்லை. டீக்கடை திறந்து கிடந்தது, கடைக்காரனைக் காணோம். பதறிப்போய்க் கரைக்கு ஓடினார்கள். குளம் தன் இடத்தில், கரை முட்டாமல், அசையாமல் கிடந்தது. கரை நெடுகிலும், படித்துறையிலும், பஞ்சாயத்து நாற்காலியிலும், இரண்டு நாளும் இரண்டு இரவும் மாறி மாறிக் காவலிருந்த ஊர்ச் சனம் முழுக்கச் சேறு காய்ந்த துணியோடு வாயைத் திறந்து உறங்கிக்கொண்டிருந்தது. நாகசுரக்காரர் வாத்தியத்தைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார்.

யாரை எழுப்புவது என்று சிவனுப்பாண்டி கண்ணால் கேட்டான். ஆவுடையம்மாள் உதட்டில் விரலை வைத்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, ஊரையும் குளத்தையும் எழுப்பிவிடாமல் அவர்களுக்கு நடுவில் கிடந்த ஒற்றையடி இடைவெளியில் கால் பெருவிரலை ஊன்றி ஊன்றி வீட்டைப் பார்த்து நடந்தாள்.